சுவருக்கு இஸ்திரி

மாமனார் பிஸ்கட்டைச் செய்தித்தாளில் தேய்த்துக்கொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடியை நுனிக்கு இறக்கி, பிஸ்கட்டை விளையாட்டுப் பக்கத்தின் மேல் வைத்து, முத்திரை குத்துகிறவர் போல அழுத்தி அழுத்தித் தேய்த்தார். பிறகு துகளை ஊதிவிட்டுத் தாளை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். தேய்த்த இடம் வட்டமாகக் கண்ணாடி போல ஆகியிருந்தது. வெளியே நிற்கும் மரத்தின் பச்சை அதன் வழியே மங்கலாகத் தெரிந்தது.

"மாட்டிக்கிச்சு," என்றார். "பாக்கெட் மேல என்ன போட்டிருக்கான் பாருங்க மாப்ள. லைட்டாம். உள்ள பூரா எண்ணெய். டிக்கெட் எடுக்காதவன்தான் முதல்ல ஜன்னலோரமா உக்காந்து தூங்குற மாதிரி நடிப்பான்."

ஓய்வு பெறும் வரை பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். எதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் நம்ப மாட்டார். ரத்தப் பரிசோதனையில் கொழுப்பு கூடுதலாக இருக்கிறது என்று வந்ததிலிருந்து, சாப்பாட்டை நம்புவதையும் நிறுத்திவிட்டார். அதற்கு நான்தான் காரணம். நர்சிங் கல்லூரியில் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். எதில் எண்ணெய் இருக்கிறது, எதில் இல்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது எனக் கேட்டார். தாளில் தேய்த்துப் பாருங்கள், தண்ணீர்க் கறை காய்ந்துவிடும், எண்ணெய்க் கறை காயாது என்றேன். முதல் வருடப் பாடத்தின் முதல் சோதனை. அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் செய்தித்தாளை யாரும் படிக்க முடிவதில்லை. தலையங்கத்தின் நடுவில் பஜ்ஜி அளவுக்கு ஓட்டைகள் மாதிரி வெளிச்ச வட்டங்கள். ஒருநாள் தன் மூக்கையே தேய்த்துப் பார்த்துவிட்டு, அதிலும் வட்டம் விழுந்ததைக் கண்டு முகத்தைச் சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டு வந்தார்.

அவருடைய ஒரே மகள் என் மனைவி. போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாள். எழுந்திருக்கவில்லை. வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு இவர் மட்டும் போகவில்லை. போகச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. இருக்கச் சொல்லவும் தோன்றவில்லை. ஒருநாள் அவருடைய இஸ்திரிப்பெட்டி பஸ்ஸில் வந்து சேர்ந்தது. அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை. தினமும் காலையில் சட்டையை இஸ்திரி போட்டு, கழுத்துப் பட்டன் வரை மாட்டிக்கொண்டு, எங்கும் போகாமல் ஹாலில் உட்கார்ந்திருப்பார்.

நாங்கள் அவளைப் பற்றிப் பேசுவதில்லை. கொலஸ்ட்ராலைப் பற்றிப் பேசினோம்.

"இந்தக் கொழுப்பு ரத்தத்துக்குள்ள எப்படி மாப்ள ஏறுது?"

"ரத்தம் பெரும்பாலும் தண்ணி மாமா. கொழுப்பு தண்ணியில கரையாது. தனியா போக முடியாது. வண்டி வேணும்."

"பஸ்ஸா?"

"பஸ்தான். மேல புரதம், உள்ள கொழுப்பு."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவருடைய தொழிலுக்குள் பாடம் வந்துவிட்டது.

"கெட்ட கொழுப்புங்கிறாங்களே?"

"அதுல இருக்கிற கொலஸ்ட்ரால் கெட்டது இல்ல. எல்லாத்துலயும் ஏறுற ஆளு ஒண்ணுதான். வண்டிதான் வேற. ஒரு வண்டி கல்லீரல்ல ஏத்திக்கிட்டு உடம்பு முழுக்க இறக்கிவிடும். எல்லா உறுப்புக்கும் அது வேணும். ஆனா வண்டி ஜாஸ்தியாயிட்டா ரத்தக் குழாய் சுவத்துலயே ஆளை இறக்கிவிட்டுட்டுப் போயிடும். அங்கேயே படிஞ்சு அடைக்கும்."

"ஸ்டாப் இல்லாத இடத்துல நிறுத்துறான். இன்னொண்ணு?"

"நடுவழியில நிக்கிறதைப் பொறுக்கிக்கிட்டுக் கல்லீரலுக்கே திரும்புற வண்டி. அதைத்தான் நல்லதுங்கிறாங்க."

"டிப்போவுக்குத் திரும்புற கடைசி டிரிப்." ரிப்போர்ட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நமக்கு அந்த வண்டி கம்மியா ஓடுது."

"ஆமா."

"ஆளு குத்தம் இல்ல மாப்ள. டிப்போ மேனேஜர் குத்தம்," என்று சொல்லித் தன் வலது விலாவுக்குக் கீழே கோபமாகத் தட்டிக்கொண்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் வீட்டுக்காரம்மா பெயிண்டரை அனுப்பினார். எங்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்டவர்; மாடியில் குடியிருக்கிறார். உலகத்தில் எது நடந்தாலும் எங்கோ ஒரு குழாய் கசிவதுதான் காரணம் என்று நினைப்பவர். வீட்டுக்கு வெள்ளையடித்து வெகுகாலமாயிற்று என்று திடீரென்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. நான் கல்லூரியில் இருந்தேன். மாமா கதவைத் திறந்துவிட்டார். சாயங்காலம் வந்து பார்த்தால் படுக்கையறை முட்டைக்குள் நுழைந்த மாதிரி வெள்ளையாக இருந்தது.

அங்கே கட்டிலை ஒட்டிய சுவரில் முன்பு ஒரு கறை இருந்தது. என் மனைவி கட்டிலின் சுவர்ப்பக்கத்தில் உட்கார்ந்துதான் எல்லாம் செய்வாள். ஃபோன் பேசுவது, நகம் வெட்டுவது, என்னைத் திட்டுவது. தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டால்தான் திட்டு சரளமாக வரும். தலையணையை வைத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறேன். வைத்துக்கொண்டாள், முதுகுக்கு. தலை சுவரில்தான். தலைக்கு வைத்த எண்ணெயும் தலை தானாகச் சுரந்த எண்ணெயும் சேர்ந்து, முகம் பார்க்கும் கண்ணாடி அளவுக்கு ஒரு வட்டம். ஒவ்வொரு முடியின் காலிலும் ஒரு சுரப்பி இருக்கிறது. அது சுரப்பதும் லிப்பிட், அதாவது கொழுப்பு வகைதான். தோலும் முடியும் வறண்டு போகாமல் காக்கிறது. பரீட்சையில் ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்பேன். அவள் போன பிறகு நான் அந்த வட்டத்தைத் தொட்டதில்லை, முகர்ந்ததில்லை, அதோடு பேசியதுமில்லை. எதிர்ப்பக்கமாகப் படுத்துக்கொண்டு அது இருக்கிறதா என்று பார்ப்பேன். இருக்கும். தூங்கிவிடுவேன்.

வெள்ளைச் சுவரைப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எதற்குமே எனக்கு ஒன்றும் ஆகாத காலம் அது. சட்டையைக் கழற்றி மாட்டினேன். மாமா கேட்டார், "பளிச்சுனு இருக்குல்ல மாப்ள?" இருக்கு என்றேன்.

பெயிண்ட் நன்றாகக் காய்ந்ததும் வட்டம் திரும்பி வந்தது. முதலில் மங்கலாக, பிறகு மஞ்சளாக, அதே இடத்தில், அதே அளவில். எனக்குச் சிரிப்பு வந்தது. பல மாதம் கழித்து வந்ததால் தொண்டை பழக்கம் விட்டுப்போய், சத்தம் வேறு மாதிரி வந்தது. மாமா ஹாலிலிருந்து தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

பெயிண்டர் வந்து பார்த்தார். நாற்பது வயது இருக்கும். பெருமைக்காரர். "நான் அடிச்ச சுவத்துல ஈ உக்காந்தா வழுக்கி விழும் சார்," என்று அறிமுகம் செய்துகொண்டவர். வட்டத்தைச் சொந்தக்காரன் துரோகம் செய்ததுபோல் பார்த்தார். இன்னொரு கோட் அடித்தார். அதுவும் காய்ந்தது. வட்டம் வந்தது. மூன்றாவது கோட் அடிக்கும்போது அவர் சுவரோடு முணுமுணுவென்று பேசிக்கொண்டே அடித்ததை மாமா கேட்டிருக்கிறார். என்ன பேசினார் என்று என்னிடம் சொல்ல மறுத்துவிட்டார். அதற்கும் வட்டம் வந்தது.

தண்ணீரில் கலக்கும் பெயிண்ட் அது. எத்தனை கோட் அடித்தாலும் எண்ணெய் அதை ஊடுருவி மேலே வந்துவிடும். இது எனக்குத் தெரியும். அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"என் வேலையில குறை இல்லம்மா," என்றார் பெயிண்டர், வீட்டுக்காரம்மாவிடம். "சுவத்துல ஈரம் இருக்கு."

வீட்டுக்காரம்மாவின் முகம் மலர்ந்தது. "நான் அப்பவே சொன்னேன். பின்னாடி பாத்ரூம். குழாய் கசியுது."

"கசியும்மா. கட்டாயம் கசியும்," என்றார் மாமா. யார் எதைச் சந்தேகப்பட்டாலும் கூடச் சேர்ந்து சந்தேகப்படுவது அவருடைய சுபாவம்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். படித்தவன் அல்லவா. ஒரு வாக்கியம் போதும். அது ஈரம் இல்லை, எண்ணெய். உடனே அடுத்த கேள்வி வரும், யாருடைய எண்ணெய் என்று. சொன்னால் எல்லோரும் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்வார்கள். அந்த முகத்தைப் போதுமான அளவு பார்த்துவிட்டேன். அது போனால் போகட்டும், எண்ணெய்க் கறை என்று தெரிந்துவிட்டால் அதற்குரிய பிரைமர் என்ற அடிப்பூச்சை ஒரே ஒரு கோட் அடித்து வட்டத்தை நிரந்தரமாகப் புதைத்துவிடுவார்கள். ஈரம் என்று நினைக்கும் வரை அது திரும்பத் திரும்ப வரும்.

"இருக்கலாம்," என்றேன்.

மறுநாள் பிளம்பர் வந்து பாத்ரூமை இடிக்க ஆரம்பித்தார்.

அந்த வாரம் வகுப்பில் லிப்பிட் பாடம். என் மாணவிகள் நல்ல பெண்கள். என் மனைவி இறந்ததிலிருந்து என் வகுப்பில் யாரும் சத்தமாக இருமுவதுகூட இல்லை. நான் ஜோக் சொன்னால் பாவமாகப் பார்ப்பார்கள்.

"லிப்பிட்னா என்ன?" என்று கேட்டேன்.

முன்பெஞ்சில் ஒருத்தி எழுந்தாள். "உடம்புக்குக் கெட்டது சார்."

"அப்ப மொத்தத்தையும் எடுத்துட்டா?"

"ஒல்லியா இருப்போம் சார்."

"இருக்கவே மாட்டீங்க. தரையில ஒரு குட்டை இருக்கும். அவ்வளவுதான்."

யாரும் சிரிக்கவில்லை. பின்னால் ஒருத்திக்குப் பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்தவள் அவள் தொடையைக் கிள்ளினாள். நான் கரும்பலகையில் வரைந்தேன். உடம்பில் ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு சவ்வு. அது லிப்பிட்டால் ஆனது. ஒவ்வொரு லிப்பிட் மூலக்கூறுக்கும் தண்ணீரைப் பிடிக்கும் ஒரு தலை, தண்ணீரைப் பிடிக்காத இரண்டு வால். இரண்டு வரிசையாக நிற்கும். தலைகள் வெளியே தண்ணீரைப் பார்க்கும், வால்கள் உள்ளே ஒளிந்துகொள்ளும். யாரும் ஆணி அடிக்கவில்லை, பசை தடவவில்லை. தண்ணீர் ஆகாது என்ற ஒரே காரணத்துக்காகச் சேர்ந்து நிற்கின்றன. அந்தச் சுவர் இருப்பதால்தான் உள்ளே இருப்பது உள்ளே இருக்கிறது. எனக்கும் மாமாவுக்கும் உள்ள உறவு ஏறக்குறைய இதுதான் என்று சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நினைத்தேன். சொல்லவில்லை. மீதியைச் சொன்னேன். சாப்பிட்டது மிஞ்சினால் சேமித்துவைக்கும் கிடங்கு கொழுப்பு. குளிர் தாக்காத போர்வை. சிறுநீரகத்தைச் சுற்றி மெத்தை. நரம்பின் மேல் உறை. அது இல்லாவிட்டால் காலில் முள் குத்திய செய்தி தலைக்கு நிதானமாக வந்து சேரும். சில வைட்டமின்கள் கொழுப்போடு சேர்ந்துதான் உடம்புக்குள் ஏறும். பையனுக்கு மீசை முளைக்கவைக்கும் ஹார்மோனும் பெண்ணை வயதுக்கு வரவைக்கும் ஹார்மோனும் கொலஸ்ட்ராலிலிருந்து செய்தவை. தண்ணீரை எடுத்துவிட்டால் மூளையில் பாதிக்கு மேல் கொழுப்பு. "அதனால யாராவது உனக்குக் கொழுப்புனு திட்டினா நன்றி சொல்லுங்க," என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

கடைசியில் இரண்டு தாளை உயர்த்திக் காட்டினேன். ஒன்றில் தண்ணீர் வைத்தது, காய்ந்து காணாமல் போயிருந்தது. இன்னொன்றில் எண்ணெய்.

"இது எப்ப சார் போகும்?" என்றாள் முன்பெஞ்சுக்காரி.

"போகாது. தண்ணி ஆவியாகும். இது ஆகாது."

வீட்டில் பாத்ரூம் இல்லாததால் மாடியில் போய்க் குளித்தோம். துண்டு, சோப்பு, வாளி, மாற்றுத்துணி என்று ஊர்வலம். மாமா துண்டையும் இஸ்திரி போட்டு எடுத்துப் போனார். குளிக்கும்போது பாடுவார். வீட்டுக்காரம்மா கதவைத் தட்டி, "பெரியவரே, குளியலா கச்சேரியா?" என்று கேட்பது கீழே வரை கேட்கும். இறங்கி வரும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் குழாய் மட்டும் என் கையில கிடைக்கட்டும்," என்பார்.

பிளம்பர் குழாயைக் கண்டுபிடித்தார். ஓடுகளைப் பெயர்த்து, சிமெண்டைக் கொத்தி, குழாயை முழுக்க வெளியே எடுத்துத் தடவிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"பைப்பு தீக்குச்சி மாதிரி காஞ்சு கிடக்கும்மா."

"அப்ப ஈரம் எங்கிருந்து வருது?"

"சுவத்துக்கு உள்ளேயே இருக்கணும். அந்தப் பக்கமிருந்து கொத்திப் பாத்துடலாம். கறை இருக்கிற இடத்துலயே. நாளைக்குக் காலைல வரேன்."

அதைக் கேட்டுக்கொண்டு வாசலில் செருப்பை மாட்டியபடி நின்றிருந்தேன். கல்லூரிக்குப் போனேன். பெயிண்டை வென்றுவிடும் வட்டம் உளியை வெல்லாது. பிரைமராவது மூடத்தான் செய்யும். இது பெயர்த்துச் சாக்குப்பையில் போட்டு எடுத்துப் போய்விடும். இப்போது சொன்னால் மூடுவார்கள். சொல்லாவிட்டால் கொத்துவார்கள். முதல் வகுப்பில் வருகைப்பதிவை இரண்டு முறை எடுத்தேன். மாணவிகள் இரண்டு முறையும் உள்ளேன் என்றார்கள். மத்தியானம் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

படுக்கையறைக் கதவு திறந்திருந்தது. மாமா கட்டிலின் மேல் முட்டி போட்டு நின்று, சுவரில் செய்தித்தாளை இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கையால் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். காலர் மடிப்பில் போவதுபோல் ஓரங்களில் நிதானமாகப் போனது பெட்டி.

"மாமா, சுவத்துக்கு இஸ்திரி போடுறீங்களா?"

"ஈரம்னா காஞ்சுடும்ல மாப்ள," என்றார் திரும்பாமல். "மழைக்காலத்துல சட்டையை இப்படித்தான் காய வைப்பேன். ஈரம் போயிட்டா அந்த ஆளு கொத்த வேண்டாம். இன்னொரு ரூமையும் நாசம் பண்ணுவான் பாவி. நேரா பெட்டியை வெச்சா பெயிண்ட் ஒட்டிக்கும்னு நடுவுல பேப்பர்."

பெட்டியை நிமிர்த்தி வைத்தார். தாளைச் சுவரிலிருந்து உரித்தார். நடுவில் ஒரு வட்டம் ஈரமாக இருந்தது. "பாத்தீங்களா, எவ்வளவு தண்ணி," என்றார் திருப்தியோடு. ஜன்னலுக்குப் போய் வெளிச்சத்தில் பிடித்தார். வட்டத்துக்குள் மரம் தெரிந்தது. ஊதினார். விசிறினார். ஃபேனைக் கூட்டி வைத்து அதற்குக் கீழே நின்றார். மறுபடியும் ஜன்னலுக்குப் போனார். மரம் அப்படியே தெரிந்தது. நான் கதவோரமாக நின்றேன். ஒரு மனிதர் தன் ஆயுள் முழுக்கச் செய்த வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது குறுக்கே பேச முடியாது.

"காயலையே மாப்ள."

வட்டத்தை விரலால் தொட்டு, விரல்களைத் தேய்த்துப் பார்த்தார்.

"பிஸ்கட் மாதிரி இருக்கு."

தாளைக் கீழே இறக்கினார். சுவரைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். வட்டத்தின் உயரத்தைக் கையால் அளந்து, அந்தக் கையை அப்படியே காற்றில் வைத்துக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் உச்சியில் வைத்ததுபோல, நின்றார்.

"அவ எந்தப் பக்கம் உக்காருவா?"

"சுவத்துப் பக்கம்."

இஸ்திரிப்பெட்டியின் ஒயரைப் பிடுங்கினார். அதைச் சுருட்ட ஆரம்பித்தார். சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"பாத்ரூமை இடிச்சானே, அப்பவும்?"

"அப்பவும்."

"நான் வாளியைத் தூக்கிக்கிட்டு மாடி ஏறி இறங்கினேனே. முட்டி தேஞ்சு போச்சே. அந்தம்மா என் பாட்டைக் கச்சேரிங்கிறாங்களே. அப்பவும் தெரியும்?"

"ஆமா மாமா."

என்னையே பார்த்தார். அவர் என்னை மரியாதை இல்லாமல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கல்யாணத்தன்று செருப்பு கடிக்கிறது என்று நான் சொன்னதற்குக்கூட, கழற்றிக்கொள்ளுங்கள் மாப்பிள்ளை என்று எழுந்து நின்று சொன்னவர்.

"உனக்குக் கொழுப்புடா," என்றார்.

நன்றி சொல்லத் தோன்றியது. அவர் தாளை மடிக்கவில்லை. துணி கிளிப் போட்டு அதை ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டார். பிறகு சமையலறைக்குப் போய், எனக்கு டீ போட்டு, பிஸ்கட் பாக்கெட்டைப் பரிசோதிக்காமலே பிரித்து, தட்டில் வைத்தார். தானும் ஒன்று எடுத்துத் தின்றார்.

காலையில் எல்லோரும் வந்துவிட்டார்கள். பிளம்பர் உளியோடு, பெயிண்டர் தன் மானம் காக்கப்படுவதைப் பார்க்க, வீட்டுக்காரம்மா மூக்கை மூடிக்கொள்ள முந்தானையோடு. மாமா குளித்து, இஸ்திரிச் சட்டை போட்டு, கட்டிலுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"கொத்த வேண்டாம். இது ஈரம் இல்ல. எண்ணெய். என் தலை எண்ணெய்."

மூன்று பேரும் அவருடைய தலையைப் பார்த்தார்கள். காதோரத்தில் நாலு முடி தவிர அங்கே ஒன்றும் இல்லை. ஜன்னல் வெளிச்சம் அதில் விழுந்து பளபளத்தது.

"எண்ணெய் தேய்க்க உங்களுக்கு என்ன இருக்கு பெரியவரே?" என்றார் வீட்டுக்காரம்மா, அக்கறையாகத்தான்.

"முடி போகும்மா. சுரப்பி போகாது. தோலுக்கு அடியில இருக்கு. அது பாட்டுக்கு லிப்பிட் சுரந்துக்கிட்டே இருக்கும். மாப்ளயைக் கேளுங்க, பரீட்சைக்கே வரும். பகல்ல இங்க சாஞ்சு உக்காந்து பேப்பர் படிப்பேன்."

"உக்காந்து காட்டுங்க," என்றார் பெயிண்டர். மூன்று கோட் தோற்றவர்; சும்மா விடுவதாக இல்லை.

மாமா கட்டிலில் ஏறிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். நல்ல உயரம் அவர். வட்டம் அவருடைய தோளுக்குப் பின்னால் இருந்தது. சற்று யோசித்து, கீழே சறுக்கினார். இன்னும் கொஞ்சம் சறுக்கினார். கால் கட்டிலின் அந்தப் பக்கம் போய்த் தொங்க, தாடை நெஞ்சில் முட்ட, ஒருவழியாகத் தலை வட்டத்துக்குள் வந்து சேர்ந்தது.

"இப்படித்தான் படிப்பேன்," என்றார், நசுங்கிய குரலில்.

"ஐயா, நான் முதல் நாள் சுரண்டினப்பவே அது பழைய கறை. நீங்க இங்க வந்து ஒரு வருஷம்கூட ஆகலையாமே."

டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொண்டவன் முகத்தை மாமா ஆயுள் முழுக்கப் பார்த்திருப்பார். நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"அவளோடது," என்றேன். "அவ தலை. அங்கதான் சாஞ்சு உக்காருவா."

சொல்லிவிட்டு எல்லோரும் வைத்துக்கொள்ளும் அந்த இரக்க முகத்துக்காகக் காத்திருந்தேன். பிளம்பர் அதை வைத்துக்கொண்டார். பெயிண்டரும் வைத்துக்கொண்டார். வீட்டுக்காரம்மா வைத்துக்கொள்ளவில்லை. இடுப்பில் கை வைத்தார்.

"அதானே பாத்தேன்! மாடியில என் சோபாவையும் இப்படித்தான் பண்ணி வெச்சிருக்கா. வாங்கின புதுசு. கதை பேச வருவா, தலையைச் சாய்ப்பா, சொன்னாக் கேக்க மாட்டா. எத்தனை தடவை சோப்பு போட்டுத் துடைச்சிருக்கேன் தெரியுமா? கடைசியில கவர் போட்டு மூடிட்டேன்." மூச்சு வாங்கினார். "இதை ஒரு வார்த்தை முன்னாடி சொல்லியிருந்தா என் பாத்ரூம் பிழைச்சிருக்கும்ல? அவளும் வாயைத் திறந்தா மூட மாட்டா, நீங்க திறக்கவே மாட்டீங்க. நல்ல ஜோடி."

யாரோ அவளைத் திட்டிக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று. எனக்கு அந்தச் சிரிப்புச் சத்தம் மறுபடி வந்தது. இந்த முறை யாரும் தண்ணீர் கொண்டுவரவில்லை.

"சோபா எங்க இருக்கு? நான் குளிக்க வந்தப்ப பாக்கலையே," என்றார் மாமா, சறுக்கிய நிலையிலேயே.

"ஜன்னலோரமா. அப்புறம் வந்து பாருங்க."

வீட்டுக்காரம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பிளம்பரை இழுத்துக்கொண்டு பாத்ரூமை என்ன செய்வதென்று பார்க்கப் போனார். பெயிண்டர் மட்டும் நின்றார். அவருக்கு ஆறுதலாக இருந்தது தெரிந்தது. தோற்றது எண்ணெயிடம்; அவர் வேலையில் குறை இல்லை. "எண்ணெய்க்குன்னு தனி பிரைமர் இருக்கு சார். டப்பா வண்டியிலயே இருக்கு. ஒரு கோட் போதும், அடுத்த ஜென்மத்துக்கும் மேல வராது," என்றார். பிறகு என்னைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "அடிக்கட்டுமா?" என்றார்.

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா கண்ணை மூடியிருந்தார்.

"அந்தக் கோடியிலிருந்து ஆரம்பிங்க," என்றேன்.

கதவு மூலையிலிருந்து ஆரம்பித்தார். ரோலர் மேலும் கீழுமாகப் போய்வந்தது. நல்ல வேலைக்காரர்தான், ஒரு சொட்டு தரையில் விழவில்லை. வெள்ளை நெருங்கி வந்தது. கட்டிலின் தலைமாடு, பிறகு தலையணை, பிறகு மாமாவின் தோள். கழுத்து மடங்கி, தாடை நெஞ்சில் கிடக்க, அவர் அசையவில்லை. அவருடைய மொட்டைத் தலை வட்டத்தில் பொருந்தியிருந்தது.

"ஐயா," என்றார் பெயிண்டர். "தலை."

மாமா கண்ணைத் திறக்காமலே ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார்.

"அந்தப் பேப்பர் காயட்டும் தம்பி. காஞ்சதும் எந்திரிச்சிடுறேன்."

பெயிண்டர் ஜன்னலைப் பார்த்தார். நியாயமான கோரிக்கையாகத்தான் அவருக்குப் பட்டிருக்க வேண்டும். ரோலரைத் தட்டில் வைத்துவிட்டு, கட்டில் காலுக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கம்பியில் தாள் காற்றுக்கு லேசாகத் திரும்பித் திரும்பி ஆடியது. எழுத்துகளுக்கு நடுவே வட்டம். அதற்குள் மரம், பச்சையாக.